ஓடுபாதையோரத்துச் சவரி

பெரியநாயகத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘ஆதாரம்’. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அது. பாதி, வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவக் குடும்பங்கள், பாதி இந்துக் குடும்பங்கள். எல்லோருக்கும் விவசாயம்தான். ஏரித் தண்ணீர் முதல் ஆட்டுக் கிடை வரை எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பாதியும் இந்தப் பெயர் விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. “கிணத்துல ஆடு விழுந்துருச்சு” என்று ஓடிவந்து சொல்பவனை நிறுத்தி, “நீயே பாத்தியா, யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்கிற மனுஷரை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவர் விசாரித்து முடிப்பதற்குள் ஆட்டின் கதை முடிந்திருக்கும்.

பாலக்கோட்டில் ஒரு மண்டியில் கணக்கெழுதுவது அவருக்குப் பிழைப்பு. பட்டணத்து நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது பெருமை. பஸ் கவிழ்ந்தால்தான் தர்மபுரிப் பக்கம் மனுஷர்கள் வாழ்கிறார்கள் என்பதே பட்டணத்துக்குத் தெரியும் என்பதால், பெருமைக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிடைத்த முதல் வாய்ப்பிலேயே அவர் கையைச் சுட்டுக்கொண்டார். பாப்பிரெட்டிப்பட்டி அருகே பஸ் உருண்டதில் ஒருவர் செத்ததாக யாரோ சொன்னதை நம்பி எழுதினார். பேப்பரில் வந்தது. செத்தவர் மறுநாள் காலில் கட்டோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அதற்குள் அவர் மனைவியின் நெற்றியை அழித்து வளையலை உடைத்திருந்தார்கள். அந்த அம்மாள் உடைந்த வளையல் துண்டுகளை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு பாலக்கோட்டு மண்டிக்கே வந்து, பெரியநாயகத்தின் முன்னால் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்றைக்கு அவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் வாயால் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்கிற பொருள் ஒன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதக்கூடாது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எழுபத்து நான்காம் வருஷம் பட்டணத்து விமான நிலையத்தை மறுபடியும் பெரிதாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நாளிதழ் அதற்கு ஒரு சிறப்பு மலர் போடத் தீர்மானித்தது. முன்பு அறுபத்து மூன்றில் ஓடுபாதையை நீட்டியபோது மண் சுமந்தவர்களில் நிறையப் பேர் பாலக்கோடு தாலுகாக்காரர்கள் என்று ஆசிரியருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அந்த ஆட்களைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்க பேரையும் போடறேன்” என்றார். பெயர் போடுகிறேன் என்ற சொல் போதாதா? ஆறு வரிச் செய்திக்கும் தக்காளி விலைக்கும் யாரும் பெயர் போடுவதில்லை. பெரியநாயகம் ஆட்களைப் பற்றி மட்டுமல்ல, விமான நிலையம் வளர்ந்த கதையையே அடியிலிருந்து நுனி வரை எழுதிவிடுவது என்று இறங்கினார்.

சனிக்கிழமை தோறும் பட்டணம் போனார். முதல் விமானம் எப்போது இறங்கியது என்று ஓய்வு பெற்ற மூன்று பேரைக் கேட்டார். மூன்று பேரும் மூன்று வருஷம் சொன்னார்கள், மூன்று பேரும் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் சொன்னார்கள். மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு நூலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டித் தும்மித் தும்மி நாலாவது வருஷத்தைக் கண்டுபிடித்தார். பொறியாளர்களின் அறிக்கைகளைப் பார்த்து ஓடுபாதையின் அகல நீளங்களை எழுதிக்கொண்டார். அறுபத்து மூன்று வேலை பற்றிய அறிக்கை, ‘உயிர்ச்சேதம் ஏதுமின்றி’ முடிந்ததாகச் சொன்னது. நல்ல காலம் என்று அதையும் எழுதிக்கொண்டார்.

இத்தனை பேரைக் கேட்டவருக்கு, கேட்க வேண்டிய முதல் ஆள் வீட்டிலேயே இருந்தார். அவருடைய அப்பா ஸ்தனிஸ்லாஸ்தான் அந்த வருஷம் ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன மேஸ்திரி. தான் கட்டிய மதகு, மாட்டுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்காமலே அரை மணி நேரம் பேசக்கூடியவர். வேலை முடிந்ததும் ஈரக் கலவையின் மூலையில் தன் வலது கட்டைவிரலை அழுத்திப் பதிப்பது அவர் வழக்கம். சின்ன வயதில் சுத்தியல் விழுந்து நடுவில் பிளந்து கூடிய விரல் அது. பதிந்தால் புளியங்கொட்டையை இரண்டாக உடைத்து ஒட்டிய மாதிரி இருக்கும். ஊரில் எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் மூலையில் அந்த விரல் உண்டு. ஆனால் விமான நிலையம் என்று வாயெடுத்தால் மட்டும் மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். “அது ஆச்சு பத்துப் பன்னெண்டு வருசம். எதையாச்சும் எழுதிக்க போ.”

கிழவருக்கு மறதி என்று மகன் நினைத்தார். அப்பாவை மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டது அவர் தன் சட்டத்தை மீறிய ஒரு இடம்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஓடுபாதையின் கடைக்கோடியை ஒட்டி இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பழைய பங்குக் கோயிலுக்குச் சொந்தமான இடம். புதிய விரிவாக்கத்தில் அதுவும் போகிறது, பொங்கலுக்குள் சொந்தக்காரர்கள் வந்து எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம், யாரும் வராத கல்லறைகளை ஒரே குழியில் சேர்த்து வேறிடத்தில் மூடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டது அவருக்கு எப்போது போதுமானதாக இருந்தது? கண்ணால் பார்க்கப் போனார்.

வேலிப்பக்கம் கடைசி வரிசையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுச் சிலுவை நின்றது. மற்றவை கல்லாகவோ மரமாகவோ இருக்க, இது மட்டும் ஜல்லிக் கலவையில் வார்த்தது. ஆணியால் கீறிய எழுத்து: ‘சவரி. மாரண்டஹள்ளி. சேலம் ஜில்லா.’ தர்மபுரி தனி ஜில்லா ஆனது அறுபத்து ஐந்தில். ஆக, அதற்கு முந்தையது. தன் ஊர்க்காரர் யாரோ என்று குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிலுவையின் அடியில், இடது மூலையில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. நடுவில் பிளந்த விரல்.

அவர் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் பாசி பிடித்திருந்தது.

சவரி என்பது அவருடைய தாத்தா பெயர். தாத்தா ஊர்க் கல்லறையில் படுத்திருக்கிறார், குழிக்கு மண் தள்ளியவர்களில் பெரியநாயகமும் ஒருவர். ஊரிலிருந்து அந்த வேலைக்குப் போன வேதக்காரர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அப்படியானால் இங்கே கிடப்பது யார்? கல்லறை காக்கும் முதியவரைக் கேட்டார்.

“ரன்வே வேலைக்கு வந்த மேஸ்திரி ஒருத்தர் கொண்டாந்து பொதைச்சாரு. குழிகூட அவரே வெட்டினாரு. மறுநாள் சட்டியில கலவை தூக்கினு வந்து இந்தச் சிலுவையும் போட்டாரு. அழுத அழுகைக்குக் கூடப்பொறந்த தம்பின்னு நெனைச்சேன்” என்றார் அவர்.

ஒரு வாய் சொல்லிவிட்டது. கண்ணால் பார்க்கிற பொருளும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பெரியநாயகம் அன்றைக்கு லாரியில் போனவர்களை விரல்விட்டு எண்ணினார். அந்த வேலைக்குப் போய்த் திரும்பி வராத ஆள் ஒருவர் இருந்தார். அவர் வேதக்காரர் இல்லை. அவர் பெயர் மாயவன்.

மாயவன் எங்கோ ஓடிப்போய்விட்டார் என்பதுதான் பதினோரு வருஷமாக ஊர் அறிந்தது. வேலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகவும், மறுநாள் பார்க்கப் போனால் கட்டில் காலியாக இருந்ததாகவும் ஸ்தனிஸ்லாஸ் மேஸ்திரி வந்து சொன்னார். மேஸ்திரி பொய் சொல்கிற ஆளில்லை. ஊர் நம்பியது. காரணமும் ஊரே கண்டுபிடித்தது. மாயவன் பட்டணம் புறப்பட்ட அன்று அவர் மனைவி காவேரி தெருவில் நின்று கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். கடலைக்காய் பிடுங்குகிற நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறாரே என்ற ஆத்திரத்தில், “போனாப் போற வழியிலயே போயிரு, திரும்பி வராத!” என்று கத்தியிருந்தாள். பொண்டாட்டி வாய்க்குப் பயந்துதான் ஓடினான் என்று மாயவனின் அண்ணன் தீர்த்தகிரி கூட்டத்தில் வைத்தே சொன்னார். யாரும் மறுக்கவில்லை. காவேரியும் மறுக்கவில்லை. அவளே அப்படித்தான் நம்பினாள். குழந்தை இல்லை. புருஷன் வீட்டு நிலத்தில் எல்லோருக்கும் முந்தி இறங்கி, எல்லோருக்கும் பிந்தி ஏறுவாள். அவர் வந்தால் எதிரே நிற்க வேண்டுமே என்று குளிக்காமல், பொட்டு வைக்காமல் ஒரு நாளும் வாசலுக்கு வரமாட்டாள். சத்தமாகப் பேசி அவளை யாரும் கேட்டதில்லை.

பெரியநாயகம் தன் மனைவி ராஜமேரியிடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“மாமா வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி கூடுதலா வாங்குவாருங்க. நம்ம ஆளுங்க கல்லறைக்கெல்லாம் ஏத்திட்டு, வேலிகிட்ட வெறுந்தரையில ஒண்ணு ஏத்துவாரு. யாருக்கு மாமான்னு ஒருதரம் கேட்டேன். யாருமில்லாத ஆத்துமாவுக்குன்னாரு.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஆதாரம் கேப்பீங்க” என்றாள்.

கல்லறைத் திருநாள் வரை அவர் காத்திருந்தார். அன்று சாயங்காலம் ராஜமேரி சொன்னபடியே கிழவர் வேலியோரம் குந்தி, காற்றுக்குக் கையை அணைகொடுத்து ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். கூட்டம் கலைந்த பிறகு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பட்டணத்துல சிலுவைய பாத்தேம்ப்பா. உங்க வெரல் இருந்திச்சு.”

கிழவர் திரும்பவில்லை. மெழுகுவத்தி பாதி உருகியது. பிறகு அவராகவே சொன்னார்.

“ஜல்லி லாரி பின்னால வந்துச்சு. மாயவன் கவனிக்கல. அதே லாரியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியிலயே தெரிஞ்சு போச்சு, தாங்க மாட்டான்னு. எனக்கு வேற ஒண்ணும் தோணலடா. சாவற உசிரு. ஞானஸ்நானம் இல்லாம போனா அது எங்க போவும்? சாமியார் இல்லாத எடத்துல யார் வேணா குடுக்கலாம்னு உபதேசியார் சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது. பேரு வெக்கணுமே. எங்கப்பன் பேரு வாயில வந்துச்சு. தண்ணிய ஊத்தி, சவரின்னு பேரு வெச்சேன்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேக்கற நெலையில இல்லடா அவன்.”

காண்ட்ராக்டரின் ஆள் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து, ஆள் செத்தது வெளியே தெரிந்தால் மேஸ்திரியின் ஆட்கள் எல்லோரும் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டும் என்றானாம். அதற்குக்கூட ஸ்தனிஸ்லாஸ் பயந்திருக்க மாட்டார். ஞானஸ்நானம் கொடுத்த உடம்பைச் சுடுகாட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கல்லறையில் புதைத்த பிறகுதான் ஊர் ஞாபகம் வந்தது. தீர்த்தகிரி எதிரே நின்று, உடம்பு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? சாகிற நேரத்தில் உன் தம்பியை எங்கள் வேதத்தில் சேர்த்துப் புதைத்துவிட்டேன் என்றா? அடுத்த நாள் ஏரிக்கரையில் ரத்தம் விழும். ஓடிப்போனான் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டார். காவேரி ஒருத்தியை மட்டும் அந்தக் கணக்கில் விட்டுவிட்டார். ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிற பெரிய மனுஷர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பெண்பிள்ளையை மறந்துபோவது கைவந்த கலை.

பெரியநாயகத்திடம் இப்போது இரண்டு வாய்களும் ஒரு பொருளும் இருந்தன. தன் வாழ்நாளில் இவ்வளவு உறுதியான செய்தி அவருக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் அதைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் ஒருத்தியின் பொட்டு போகும். முறத்தில் வந்த வளையல் துண்டுகள் கண்ணிலேயே நின்றன. சொல்லாவிட்டால் மாயவன் யாருமற்றவர்களின் குழிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். அதற்கப்புறம் எந்த ஆதாரமும் கிடையாது. கார்த்திகை பிறந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவர் பாலக்கோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார்.

கடைசியில் ராஜமேரிதான் பொறுமை இழந்தாள். “ஊர்ல எல்லார்த்தையும் கேள்வி கேக்கறீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு கேள்விதான். அதுக்குப் பதிலை மடியில கட்டிவெச்சிக்கிட்டுத் திரியறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?” என்றாள். சொன்ன கையோடு போய்க் காவேரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பட்டப்பகல். கிழவர் கட்டிலில் இருந்தார். காவேரி கீழே உட்கார்ந்தாள். பெரியநாயகம் சுற்றி வளைக்காமல், பேப்பருக்கு எழுதுவது போலவே வரிசையாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். காவேரி அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்.

“அப்ப, நான் கத்துனதுக்காவப் போகலீங்களா அவரு?”

“இல்லம்மா” என்றார் பெரியநாயகம்.

அவள் இரண்டு கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கிழவரைப் பார்த்தாள். “பெரியப்பா, என்னா சொன்னாரு கடைசியா?”

ஸ்தனிஸ்லாஸ் மகனிடம் சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. “தண்ணி கேட்டான்.”

“குடுத்தீங்களா?”

“டிரைவரோட பாட்டில்ல ஒரு முழுங்குதான் இருந்திச்சு.”

“அத குடுத்தீங்களா?”

“தலையில ஊத்துனேம்மா” என்றார். “வாயத் தொறந்து தொறந்து மூடினான். இருந்தது அவ்வளவுதான். ஆத்துமாவுக்கு ஆவட்டும்னு தலையில ஊத்திட்டேன்.”

பெரியநாயகத்துக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெழுகுவத்தி எதற்காக என்பது இப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது.

“தாகம் அவருக்குத்தானுங்களே பெரியப்பா” என்றாள் காவேரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, வந்த வழியே நிலத்துக்குப் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் செய்தி பரவியது; அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. தீர்த்தகிரி வெட்டரிவாளோடு வந்தார், நாலு பேர் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் போட்டார்கள், கலைந்தார்கள், மறுபடி போட்டார்கள். இரண்டு பாதிக்கும் பொதுவாக இருந்த மாட்டுத் தொட்டியில் இருந்த கட்டைவிரல் அடையாளத்தை யாரோ உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். கிழவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தார். காவேரியின் நெற்றியை அழிக்கக் கிளம்பிய பெண்களை அவள் வாசலிலேயே நிறுத்தினாள். “அவரு எலும்ப என் கண்ணால பாக்கணும். அது வரைக்கும் ஒருத்தரும் என் நெத்தியத் தொடக்கூடாது” என்றாள். ஊர் யாரைப் பார்த்துச் சிரித்ததோ, அவருடைய சட்டத்தையே அவளும் கேட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதினோரு வருஷம் அவள் வாயைக் குற்றம் சொன்ன தீர்த்தகிரி, அவள் எதிரே வந்தால் வரப்பு மாறி நடந்தார்.

மார்கழியில் பெரியநாயகம் கட்டுரையை அனுப்பினார். விமான நிலையம் முதல் விமானத்திலிருந்து புதிய விரிவாக்கம் வரை அதில் இருந்தது. அறுபத்து மூன்று வேலையைச் சொல்லும் இடத்தில் ஒரு வரி: ‘இந்த வேலையில் மாரண்டஹள்ளிப் பக்கத்து மாயவன் என்ற தொழிலாளி லாரி மோதி இறந்தார்.’ ஒரு வாரம் கழித்து ஆசிரியர் பேச வேண்டுமென்று சொல்லியனுப்ப, அவர் பாலக்கோடு தபாலாபீசில் டிரங்கால் போட்டு நின்றார். லைன் கரகரத்தது. இரண்டு பக்கமும் கத்த வேண்டியிருந்தது.

“அறிக்கையில உயிர்ச்சேதம் இல்லைன்னு இருக்கே சார்! நீங்க செத்ததா எழுதறீங்க. என்ன ஆதாரம்?”

“கல்லறை இருக்குதுங்க! நானே பாத்தேன்!”

“அதுல என்ன பேர் இருக்கு?”

“சவரின்னுங்க!”

“நீங்க எழுதியிருக்கறது மாயவன்! வேற யார் சொன்னாங்க?”

“எங்கப்பாங்க!”

தபால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எதிர்முனையில் ஆசிரியர் சிரித்ததும் கேட்டது. நல்ல மனுஷர்தான், பொல்லாத சிரிப்பு ஒன்றும் இல்லை. “உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார். அச்சடிச்ச அறிக்கைய விட்டுட்டு, அப்பா சொன்னார்னு போட முடியுமா? அந்த ஒரு வரிய எடுத்துடறேன். மத்ததெல்லாம் பிரமாதம்.”

அச்சடித்த அறிக்கையை எழுதியவன் எவன், அவனிடம் சொன்னவன் எவன் என்று தான் கேட்கவே இல்லையே என்பது பெரியநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தாளில் இருந்தது என்பதாலேயே நம்பியிருந்தார். அவமானமாக இருந்தது.

“அப்ப எம்பேரையும் எடுத்துடுங்க!” என்று கத்தினார்.

“என்னது?”

“எம்பேரு வேணாங்க! எடுத்துடுங்க!”

அதை மட்டும் ஆசிரியர் இவர் சொன்னபடியே செய்தார். மலர் வந்தது. விமானங்கள், வழவழப்பான தாளில் வழவழப்பான முகங்கள். எழுதியவர் பெயர் இல்லை. ஒரு வரியும் இல்லை. ராஜமேரி அதை வாங்கிப் பரணில் போட்டாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் அவர்கள் பட்டணம் புறப்பட்டார்கள். காவேரி, தீர்த்தகிரி, பெரியநாயகம். கிழவரைக் கூப்பிட யாருக்கும் மனம் இல்லை. அவர் கேட்காமலே வந்து பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். தீர்த்தகிரி எழுந்தார். காவேரி, “இருக்கட்டும் மாமா. எடம் காட்ட ஆளு வேணும்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் மடியில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கோயில் தீர்த்தமா என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டதற்கு, “எங்க கெணத்துத் தண்ணிங்க” என்றாள். வழியெல்லாம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பாதிக்கு மேல் தோண்டியாகிவிட்டது. பங்குச் சாமியார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். “சவரிக்கு யார் சொந்தம்?” என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“அது சவரி இல்லீங்க சாமி. அவன் பேரு மாயவன். நான்தான் மாத்தி வெச்சேன். இவங்க அவன் சம்சாரம்.”

சாமியார் நிமிர்ந்து நால்வரையும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், காவேரியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். தோண்டும் ஆட்கள் கடப்பாரையோடு சிலுவையருகே வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் எழும்பியது. சத்தம் அடங்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் காவேரி. சொம்பின் கட்டைப் பல்லால் அவிழ்த்தாள். “பெரியப்பா, தலை எந்தப் பக்கம்?”

“சிலுவைப் பக்கம்மா.”

“வாயி எங்க வரும்?”

ஸ்தனிஸ்லாஸ் மண்டியிட்டார். சிலுவையின் அடியிலிருந்து சாண் போட்டு அளந்தார். சரிதானா என்று இன்னொரு முறை அளந்தார். பிறகு பிளந்த கட்டைவிரலை மண்ணில் அழுத்தி, “இங்க” என்றார்.

அவர் விரலை எடுத்ததும் அந்தச் சின்னக் குழியில் காவேரி தண்ணீரை ஊற்றினாள். சிந்தாமல், மிக மெல்லியதாக, வாயில் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினாள். காய்ந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. “குடிங்க” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். சொம்பு காலியாகும்வரை யாரும் கடப்பாரையைத் தொடவில்லை.